ஸ்பீக்கருக்குப் பனியன் போட்ட கடை

என் மச்சான் பாட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டார். நிறுத்த வைத்தது நீங்கள். "உங்க காது போயிருச்சுங்க" என்று உங்கள் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். அதைச் சொல்ல உங்களிடம் ஒரு ஆதாரமும் இல்லை. தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா என்று எனக்கு இன்னும் தெரியாது. இரண்டுமே தப்புதான்.

படிக்கிறவர்களுக்கு யார் எவர் என்று சொல்லிவிடுகிறேன். மச்சான் என் மனைவியின் அண்ணன். வேலம்பாளையத்தில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். நூலைக் கொடுத்தால் துணியாகப் பின்னிக் கொடுப்பார். நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். "நீங்கள்" என்று நான் சொல்வது பெருமாநல்லூர் போகிற வழியில் விலை கூடிய ஆடியோ சாமான் விற்கும் கடைக்காரரை. பெயர் போடவில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருகிறவர்களுக்குத் தெரியும், அது போதும்.

அந்தக் கடை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். என் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டு, டிவிக்கு அடியில் வைக்கிற நீளப் பெட்டிகள் இருக்கும் மூலையைக் கை காட்டினார்கள். உங்கள் கடையில் அப்படி இல்லை. என்ன வேலை, எவ்வளவுக்கு வாங்குவாய் என்று எதுவும் கேட்கவில்லை. உட்கார வைத்து, டீ சொல்லி, பாட்டுப் போட்டீர்கள். அன்றைக்கு நான் ஒன்றும் வாங்கவில்லை. அடுத்த வாரமும் வாங்கவில்லை. "வாங்குனாத்தான் கேக்கோணும்னு இருக்குதுங்களா?" என்றீர்கள். அந்த வார்த்தைக்காகவே மச்சானை அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் சேருவோம். சாயப்பட்டறைக்காரர் ஒருவர், மெஷினுக்கு ஊசி விற்பவர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், நாங்கள் இரண்டு பேர், இன்னும் சிலர். வாரம் முழுக்க ஷிப்மெண்ட், ரிஜெக்சன் என்று பேசிய வாயெல்லாம் அங்கே வந்தால் ஒயர், ரெக்கார்டு ஊசி, தகரம், மரம் என்று பேசும். நல்ல கடைக்கு முதல் அடையாளம் இதுதான் என்று நினைக்கிறேன். வாங்கவே வாங்காதவனும் வந்து உட்கார ஒரு நாற்காலி.

அப்போதே ஒரு குறை இருந்தது. பாட்டுப் போடுவதற்கு முன்னால் நீங்கள் பேசுவீர்கள். "இப்ப பாருங்க, எடது பக்கம் கொஞ்சம் மேல ஒரு மணிச் சத்தம் வரும். வருதுங்களா?" எல்லோரும் "வருதுங்க, வருதுங்க" என்போம். எனக்கு நிஜமாகவே வந்ததா என்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்ப்பேன். தெரியாது. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அது எனக்குக் கேட்டிருக்குமா? அதுவும் தெரியாது. அப்போது அது வேடிக்கையாக இருந்தது. நீங்கள் 'வரும்' என்றதும் எங்களுக்குச் சத்தம் வருகிறதென்றால், நீங்கள் 'போச்சு' என்றதும் காதும் போய்விடும் என்று பிறகுதான் புரிந்தது.

நானும் மச்சானும் ஒரே நாளில் ஒரே வகை ஸ்பீக்கரை வாங்கினோம். வாங்கி முடித்த பிறகுதான் அந்தப் பேச்சை எடுத்தீர்கள்.

"இந்தக் கறுப்புத் துணி ஹாலுக்கு நல்லாவாங்க இருக்கும்? சோபாவுக்கு ஒட்டவே ஒட்டாது. உங்க சொந்தத் துணியக் குடுங்க, அளவெடுத்துத் தெச்சுப் போட்டுத் தந்துடறோம். நம்ம ஊர்ல எல்லாரும் இப்ப அப்படித்தாங்க."

மச்சான் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் பின்னுகிற துணி எங்கெங்கோ போகிறது. யாரோ ஒருவர் பெயர் வைத்த லேபிள் அதன் மேல் ஏறுகிறது. "ஊருக்கே துணி போட்டுக் குடுக்கறேன் மாப்ளே, என்ற துணிதான்னு காட்டறதுக்கு என்ற ஊட்டுல ஒன்னு கெடயாது" என்றார். மறுநாளே குடோனில் இருந்து அவரிடம் இருந்ததிலேயே நல்ல ரோலை எடுத்து வந்தார். இரண்டு பக்கமும் நெருக்கமாகப் பின்னிய கனத்த இன்டர்லாக், இழுபடும் லைக்ரா நூல் கலந்தது, மேலே மயிர் எழுப்பிப் பூப்போல ஆக்கியது. அரக்குச் சாயம். நான் கையை வைத்துப் பார்த்து, "அருமையான துணி மச்சான்" என்றேன். துணியைத் தொட்டுச் சொல்வதுதான் என் சம்பளம். இதற்குள்ளே புகுந்து பாட்டு வெளியே வருமா என்று எங்கள் மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

அவர் பெட்டிக்கும் என் பெட்டிக்கும் அதையே தைத்து மாட்டிப் பார்த்தபோது ஸ்பீக்கரின் கறுப்பு வட்டம் துணிக்குள் லேசாகத் தெரிந்தது. பனியன் ஊர்க்காரனுக்கு அது பொறுக்காது. உள்ளே இருப்பது தெரிந்தால் அந்தத் துணி ரிஜெக்ட். "உள்ள தெரியுதுங்களே" என்றார் மச்சான். "லைனிங் குடுத்துர்லாமுங்க" என்றீர்கள். ஆக அதே துணியில் இரண்டு அடுக்கு. பின்னால் எலாஸ்டிக் வைத்து, தலையணை உறை மாதிரி மாட்டினீர்கள். கழற்றிய கறுப்புத் துணிச் சட்டத்தை நீங்களே வைத்துக்கொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஏதோ சரியில்லை. கடையில் கேட்டது வேறு, இது வேறு. பாடுகிறவர் வாய்க்கு முன்னால் யாரோ துண்டைப் பிடித்த மாதிரி இருந்தது. டைல்ஸ் தரைதான் காரணம் என்று நினைத்துக் கம்பளம் வாங்கிப் போட்டேன். இன்னும் மந்தமானது. பெட்டியை நகர்த்தினேன், திருப்பினேன், சுவரை விட்டுத் தள்ளி வைத்தேன். என் மனைவி, "அந்தப் பொட்டிய எங்கதான் நிக்கச் சொல்றீங்க? அதுக்குக் கால் வலிக்காதா?" என்றாள்.

மச்சானுக்கும் அதே பாடு. அவருக்குப் பெருஞ்சலங்கை ஆட்டம் என்றால் உயிர். ஒரு குழு ஆடியதை நல்ல மைக் வைத்துப் பதிவு செய்த பென் டிரைவ் ஒன்று வைத்திருந்தார். அத்தனை கால்களின் சலங்கையும் ஒன்றாக இறங்குகிற சத்தத்துக்காகத்தான் அவர் ஸ்பீக்கரே வாங்கினார். அது வரவில்லை. சில்லறையைத் துணியில் முடிந்து ஆட்டியது போல வந்தது. ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்தார். நானும் கூட இருந்தேன்.

"சலங்கச் சத்தம் சரியா வர மாட்டேங்குதுங்க. மத்ததெல்லாம் வருது."

நீங்கள் சிரித்தீர்கள். "நிட்டிங் ஓனருங்களுக்கு இது சகஜமுங்க. இத்தன வருசம் மெஷின் சத்தத்துல நின்னுருக்கறீங்க. மேல் சத்தந்தான் மொதல்ல போகும். பொட்டிக்கு ஒன்னுமில்ல. உங்க காது போயிருச்சுங்க."

பல் டாக்டர் தலையை ஆட்டினார். பல் டாக்டருக்குக் காதைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். "அப்பறம் என்னுங்க, அந்தப் பொட்டிய மாட்டுச் சாளைல வெச்சுட்டாப் போகுது. மாடாச்சும் கேக்கட்டும்" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது.

அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே அதே வகை ஸ்பீக்கர் உறையில்லாமல் இருந்தது. பென் டிரைவ் அவர் பையில் இருந்தது. வாங்கி ஒரு நிமிடம் போட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நீங்கள் போடவில்லை. கேட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய கடையில் வாயால் சொல்லி அனுப்பினீர்கள்.

அதற்குப் பிறகு மச்சான் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அவர் வீட்டு ஹாலில் ஸ்பீக்கர் மேல் ஒரு பக்கம் பூ ஜாடி, ஒரு பக்கம் கல்யாணப் பத்திரிகைகள். வீட்டில் எல்லோரும் அவரிடம் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள். காது போனவர் என்று செய்தி பரவிவிட்டதே! பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாமோவ், காப்பி வேணுமா?" என்று கத்துவார் அவர் மனைவி. அவர் பதில் பேசுவதே குறைந்து போனது. நன்றாகக் கேட்கிற மனிதரைக் கத்திக் கத்தியே ஊமையாக்கிக் கொண்டிருந்தார்கள்.

எனக்கு விஷயம் தெரிந்தது என் மனைவியால். எங்கள் வீட்டில் பஞ்சுத் தூசிக்குக் குறைவே இல்லை. உறையில் தூசி படிந்திருக்கிறது என்று அவள் தலையணை உறையோடு சேர்த்து அதையும் உருவி மெஷினில் போட்டுவிட்டாள். நான் கம்பெனியில் இருந்து வந்து பாட்டைப் போட்டேன். போட்டவன் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. வீணையின் கம்பியில் விரல் உரசுவது கேட்டது.

"என்னத்தப் பண்ணின?" என்றேன்.

"ஏனுங்க, தொவச்சது ஒரு குத்தமா? காஞ்சதும் மாட்டறேன், கத்தாதீங்க."

"மாட்டாத! மாட்டவே மாட்டாத!"

"சரிங்க. அம்மணமா நிக்கட்டும். எனக்கென்ன?"

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. துணியில் இத்தனை வருடம் கிடக்கிறேன். கனம் தெரியும், சுருக்கம் தெரியும், சாயம் போகுமா தெரியும். ஒரு துணிக்குள் சத்தம் போகுமா போகாதா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கம்பெனியில் இருந்து வெட்டுத் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டு வந்தேன். மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். ஒவ்வொரு துண்டாக ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தேன். எது நல்லது என்று மட்டும் அவள் சொல்ல வேண்டும். நான் வாயே திறக்கவில்லை. அதை உங்களிடம் இருந்துதான் கற்றேன், தலைகீழாக.

"பனியனுக்குப் பாட்டுப் பரீட்சை வெக்கற ஊடு இது ஒன்னுதாங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் கேட்டாள்.

மெல்லிய துணி தேறும், கனத்த துணி தோற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தளர்வாகப் பின்னிய, வரிவரியான கனத்த ரிப் துணி, இழுத்துப் பிடித்தால் பாட்டை நன்றாகவே வெளியே விட்டது. மெல்லிய டீ சர்ட் துணியில் நெஞ்சில் ரப்பர் பிரிண்ட் போட்டிருந்தது. அந்த இடம் சுவர் மாதிரி அடைத்தது. ஓட்டை ஓட்டையான மெஷ் துணியைப் பிடித்தபோது, "இன்னும் துணியப் புடிக்கலீங்களா?" என்று கேட்டாள். பிறகு ஒரு சுலபமான வழி கிடைத்தது. துணியை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பது. அந்தப் பக்கம் உள்ளங்கையில் காற்றுப் பட்டால் பாட்டும் பெரும்பாலும் போகிறது. மச்சான் துணியை ஊதினேன். என் கன்னம்தான் உப்பியது. இரண்டு அடுக்காக வைத்து ஊதினேன். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி, பூ ஜாடியை எடுத்துவிட்டு உறையைக் கழற்றக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் மாப்ளே."

"ஒரு நிமிசம் மச்சான். சலங்கையப் போடுங்க, நீங்களே சொல்லுவீங்க."

"கடக்காரரு சொல்லீட்டாரு. அவரு பாக்காத பொட்டியா, கேக்காத காதா?"

"அவரு கேக்கவே இல்லீங்க. நாந்தான் கூட இருந்தனே."

அவர் தன் துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "கழட்டியும் கேக்கலீன்னா?"

காது டாக்டரிடம் போகலாம் என்றேன். "அதுவும் அதேதான" என்றார். அவருக்குப் பயம். ஒருமுறை எல்லோர் முன்னாலும் தோற்ற மனிதர். இன்னொரு முறை தன் வீட்டு ஹாலிலேயே தோற்க அவருக்குத் தெம்பு இல்லை. என் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் நான் தங்கச்சி மாப்பிள்ளை. ஆறுதலுக்குச் சொல்வேன் என்று நினைக்கிறார். கடைசியில், "அவரு சொல்லட்டும். நாந்தான் தப்பாச் சொல்லீட்டேன்னு அவரு வாயால சொல்லட்டும். அப்பக் கழட்டறேன்" என்றார்.

மெஷின் சத்தத்தில் நின்றவர் காது புத்தம் புதிதாக இருக்கும் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. கொஞ்சம் போயும் இருக்கலாம். ஆனால் அன்றைக்குச் சலங்கையை மறைத்தது என்ன என்று யாருமே பார்க்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

என் பெட்டிகளின் இரண்டு உறைகளையும் பையில் போட்டுக்கொண்டு ஒரு வேலை நாளில் உங்களிடம் வந்தேன். துணியை ஊதிக் காட்டினேன். "துணியெல்லாம் ஒரு விசயமே இல்லீங்க" என்றீர்கள்.

"அப்ப மாட்டியும் கழட்டியும் ஒருக்காப் போட்டுப் பாத்துர்லாமுங்களா?"

"இப்ப ஒரு பார்ட்டி வர்றாங்க."

"ஞாயித்துக்கெழம?"

"எல்லாரும் இருக்கறப்ப அது எதுக்குங்க? உங்களுக்கு வேணும்னா அந்தக் கறுப்புத் துணியவே தந்துடறேன், எடுத்துட்டுப் போங்க. மச்சானுக்கும் குடுத்துருங்க."

பின் அறைக்குக் கூட்டிப் போனீர்கள். அங்கே சுவரோரம் கறுப்புத் துணிச் சட்டங்கள் அடுக்கடுக்காகச் சாய்ந்திருந்தன. இந்த ஊரில் எத்தனை ஹாலில் எத்தனை பேர் தம் தம் துணியைப் போர்த்திவிட்டு, தரையையும் ஒயரையும் காதையும் சந்தேகப்பட்டுக் கொண்டிருக்கிறார்களோ! நீங்கள் எங்கள் இரண்டு பேர் சட்டங்களையும் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தீர்கள். ஒரு விஷயமே இல்லாத துணிக்கு எதற்கு மாற்றுத் துணி? கேட்டேன். நீங்கள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள்.

நல்ல கடை எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். ஊசி விற்பவர், விலை குறைந்ததையும் கூடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பாடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பார். சாயப்பட்டறைக்காரர், கேட்கும் அறை நம் வீட்டு ஹால் மாதிரி டைல்ஸும் வெறும் சுவருமாக, பக்கத்தில் ஒரு கம்ப்ரசரும் ஓடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பார். அதெல்லாம் சரிதான். எனக்கு இப்போது இரண்டு ஆசைதான். ஒன்று, தெரியாததைத் "தெரியலீங்க" என்று சொல்கிற கடைக்காரர். "வாங்க, கேட்டுப் பாக்கலாம்" என்று அடுத்த வார்த்தை அவர் வாயில் இருந்து வர வேண்டும்.

இன்னொன்று எங்கள் தொழிலில் சின்ன யூனிட்டுக்காரனும் செய்கிறது. சரக்கு வாங்கும் பையர் ஒத்துக்கொண்ட சாம்பிளில் ஒரு பட்டனை மாற்றினாலும், மாற்றிய பீஸை மறுபடி அனுப்பி, அவர் சரி என்ற பிறகுதான் மெஷினில் ஏற்றுவோம். யாரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. நீங்கள் நாங்கள் கேட்டு ஒத்துக்கொண்ட பெட்டியின் முகத்தையே மாற்றினீர்கள். மாற்றிய பிறகு எங்களுக்கு ஒரு பாட்டுப் போட்டுக் காட்டவில்லை. துணி கொடுத்தது நாங்கள், லைனிங்குக்கு வழி பண்ணியது மச்சான் வாய், துணி அருமை என்றது நான். அதையெல்லாம் எங்கள் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். துணி எங்கள் தொழில், சத்தம் உங்கள் தொழில்.

மச்சானுடைய கறுப்புச் சட்டத்தை அவரிடம் கொடுத்தேன். வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். "அவரு சொன்னாரா?" என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம், போனில் வேண்டாம், பின் அறையில் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மச்சானை நீங்களே கூப்பிட்டு வரச் சொல்லுங்கள். அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது பதில் சொல்லுங்கள். அவர் காது போய்விட்டது என்று சொன்ன அந்த நாள் வரைக்கும், நீங்கள் உறை மாட்டிக் கொடுத்த ஒரு ஸ்பீக்கரையாவது ஒருமுறை கேட்டுப் பார்த்திருந்தீர்களா, இல்லையா?